வெள்ளிக்கிழமைச் சிவப்பு

வேலை செய்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கே சம்பளம் வாங்கும் தொழில்கள் உலகத்தில் சில உண்டு. என்னுடையது அதற்கும் ஒரு படி மேலே, வேலை செய்பவர்களுக்காக வேலை செய்யும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது.

இதே தொழிலில் கிடந்து உழலும் அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போதெல்லாம் மென்பொருள் எழுதுகிறவர்கள் தனியாக எழுதுவதில்லை. செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதைத் திருத்து, அதைத் தேடு என்று சொல்கிறார்கள். அது கோப்புகளை வாசிக்கிறது, கட்டளைகளை ஓட்டுகிறது, சில வேளை ஓட்டக்கூடாததையும் ஓட்டிவிடுகிறது. அது எதைத் தொட்டது, எங்கே சுணங்கியது, எங்கே விழுந்தெழும்பியது என்று ஒவ்வொரு படியையும் தடமாகப் பதிந்து, சுவரில் தொங்கும் பெரிய திரையில் நிறம் நிறமாகக் காட்டுவது என் வேலை. எங்கள் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், அந்த உதவியாளருக்குச் சின்னவன் என்று பெயர். யார் வைத்ததென்று தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

கந்தோர் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு கொழும்புக் கம்பனியின் திருகோணமலைக் கிளை. உள்துறைமுகப் பக்கம், வலையும் கயிறும் விற்கும் கடைக்கு மேல்மாடி. கிளைக்குப் பொறுப்பாகச் சிவம் அண்ணை, மென்பொருள் எழுதக் கஜனும் சப்ரியும், பார்த்துக்கொண்டிருக்க நான். இந்தத் தடம் பதியும் வேலையைத் தரும்போதே கொழும்பு தெளிவாகச் சொல்லிவிட்டது: சின்னவனை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்போம், பார்த்த பிறகு கிளையை வைத்திருப்பதா, மூடிவிட்டு வேலையைக் கொழும்புக்கு எடுப்பதா என்று முடிவு செய்வோம். மூடினால் நான் மறுபடியும் கொழும்பில் அறை தேடவேண்டும். லிங்கநகர் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் காற்று வாங்கிக்கொண்டு வேலைக்கு வரும் சுகத்தைக் கண்டுவிட்ட எனக்கு அதை நினைக்கவே விருப்பமில்லை. சப்ரிக்கோ கொழும்பு என்ற பேச்சே ஏலாது. மனைவி கிண்ணியாவில் ரீச்சர், வீட்டில் தவழும் வயதில் இரட்டைப் பிள்ளைகள். அவனுடைய வேலை முழுக்க அந்தத் திரையில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தத் திரையைச் சுவரில் பூட்டியவள் நான்.

மீன் எங்கே

திரை பூட்டிய முதல் வாரம் எங்கள் பெரிய வாடிக்கையாளர் வந்தார். துறைமுகத்துக்குக் கிட்ட ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹாஜியார். எந்தெந்தப் படகு கடலுக்குப் போகும் என்று கணக்குப் பார்த்து, நாளைக்கு எவ்வளவு ஐஸ் உறையவைக்கவேண்டும் என்று அவருக்குச் சொல்லும் மென்பொருளைத்தான் நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோல் திரியும் மான்களில் மாடிப்படியில் நின்ற ஒன்றை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு மேலே வந்தவர், கதிரையில் இருந்ததும் இருக்காததுமாகத் திரையைப் பார்த்தார். கறுப்புப் பின்னணி, பச்சையும் மஞ்சளுமாக நீட்டு நீட்டாகக் கோடுகள், இடையிடையே ஒரு சிவப்பு. அவருடைய முகத்தில் தெரிந்தவரைக் கண்ட மகிழ்ச்சி.

நான் விளக்கத் தொடங்கினேன். இந்தக் கோடு சின்னவன் ஒரு கோப்பை வாசித்தது, இது கட்டளை ஓட்டியது, இது தோற்றுப்போய்த் திரும்பச் செய்தது. பால் விடாத பிளேன்ரீ ஆறிப்போகும் வரை விளக்கினேன். இடையில் ஒரு தரம்கூட அவர் மறிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய படகில் கடலுக்கடியில் மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறதென்பதும், அதன் திரையும் அச்சொட்டாக இப்படித்தான் இருக்குமென்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் விளங்குது மகள். மீன் எந்தப் பக்கம் நிக்கிது எண்டு மட்டும் சொல்லுங்க."

பிஸ்மில்லாஹ்வும் பிள்ளையார் சுழியும்

சின்னவனோடு ஒருவர் இருந்து செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் வேண்டும், இல்லாவிட்டால் தடங்களைப் பிரித்துப் பார்க்க ஏலாது. யோசித்து யோசித்துப் பெயர் வைக்க எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. ஆகவே, ஆள் முதலில் தட்டும் வரி எதுவோ அதுதான் அந்த வேலையின் பெயர் என்று எழுதிவிட்டேன். "விலைப்பட்டியலைத் திருத்து" என்று தொடங்கினால் அதுவே பெயர். கெட்டித்தனமான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, வார முடிவில் முதல் அறிக்கையைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தேன்.

சப்ரி எதைத் தொடங்கினாலும் பிஸ்மில்லாஹ் என்று ஒரு வரி தட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவான். கஜன் பள்ளிக்கூடச் சோதனைத் தாளில் போட்டுப் பழகிய பிள்ளையார் சுழி உ-வை இன்றுவரை விடவில்லை. சிவம் அண்ணை யாரானாலும் முதலில் வணக்கம் சொல்கிறவர், சின்னவனுக்கும் சொல்வார். ஆக, அறிக்கையின்படி எங்கள் கிளை முழு வாரமும் மூன்றே மூன்று வேலைகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. போதாததற்கு எல்லாம் ஆங்கில எழுத்தில் போய், உ வெறும் U ஆகிவிட்டதால் அங்கே பார்த்தவருக்குப் பிள்ளையார் தெரியவில்லை. பார்த்தவர் விக்னேஷ், எங்கள் கிளையின் தலைவிதியை எழுதப்போகிற அதிகாரி. கூட்டாமல் குறைக்காமல் ஒரே அளவான குரலில் கதைக்கிறவர். திங்கள் காலையே போன் எடுத்தார்:

"இந்த 'U' எண்ட வேலைதான் ஆகக் கூட நேரம் எடுக்குது. அதைக் கொஞ்சம் சின்னச் சின்னதாப் பிரிச்சுச் செய்ய ஏலாதோ?"

தேறாத சோதனை

தொடக்கத்தில் நான் எல்லாவற்றையும் பதிந்தேன். சின்னவனிடம் யார் என்ன கேட்டார், அது என்ன பதில் சொன்னது, ஒரு எழுத்து விடாமல். ஒரு நாள் காலைக் கூட்டத்தில், எவ்வளவு வடிவாகத் தெரிகிறது பாருங்கள் என்று காட்டும் பெருமையில், ஆக நீளமான தடமாகப் பார்த்து எல்லாருக்கும் முன்னால் விரித்தேன். அது கஜனுடையது. மட்டக்களப்பில் அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். கலியாணத்துக்குப் பிறகும் தான் திருகோணமலையில்தான் இருக்க விரும்புவதைப் பெண் வீட்டார் மனம் கோணாமல் எப்படி எழுதலாம் என்று அவன் சின்னவனிடம் கேட்டிருந்தான்.

சின்னவன் மென்பொருள் எழுதப் பழகியவன். முதலில் ஐஸ் தொழிற்சாலைக் கோப்புகள் அவ்வளவையும் வாசித்திருக்கிறான். பிறகு பெண் வீட்டாருக்கு ஒரு நல்ல தகவலை எழுதியிருக்கிறான். பிறகு, பழக்க தோசம், அந்தத் தகவல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில சோதனைகளும் எழுதி ஓட்டியிருக்கிறான். அதில் ஒன்று தேறாமல் சிவப்பாக நின்றது. கஜன் மேசையைப் பார்த்தபடி இருந்தான், காது இரண்டும் அந்தச் சிவப்பைவிடச் சிவப்பு. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினேன். இனி ஆளின் பெயர் திரையில் வராது, பேசிய பேச்சும் வராது. என்ன படி, எப்போது, தேறியதா இல்லையா என்பது மட்டும்தான். பேச்சு பூட்டுப் போட்டு உள்ளே இருக்கும், பேசியவர் தானாகத் திறந்தால்தான் மற்றவர் பார்க்கலாம். ஆனால் அந்தக் காலைக் கூட்டத்தை முடித்துவைக்கும்போது சிவம் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"அந்தத் தேறாத சோதினை என்னது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு பிள்ளை, பொம்பிளை வீட்டார் கேக்க முதல்."

கேள்விக்கு முன்னால் பதில்

ஒரு தடத்தில் விசித்திரமான ஒன்றைக் கண்டேன். சின்னவன் பதில் சொல்லி முடித்த பிறகுதான் ஆள் கேள்வியே கேட்டிருக்கிறார். ஒரு தரமல்ல, அந்த ஆளின் எல்லாத் தடங்களும் அப்படி. நான் எழுதியது முழுவதையும் தலைகீழாகப் புரட்டினேன். அரை நாள் போயிற்று, என் பொறுமையும் போயிற்று. கடைசியில் பார்த்தால், சிவம் அண்ணையின் லப்டொப் மணிக்கூடு முந்தி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டங்களுக்குப் பிந்தக்கூடாதென்று அவரே கையால் முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார், வீட்டுச் சுவர் மணிக்கூட்டைத் தள்ளி வைப்பதைப்போல. இப்படிச் செய்தால் தடம் குழம்பிவிடும் என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார்:

"இதில என்ன பிழை பிள்ளை? எங்கட வீட்டிலயும் நான் கேக்க முதலே ஏலாது எண்ட பதில் வந்திடும்."

பச்சை நாள்

மாரி மழை விடாமல் கொட்டிய ஒரு நாள். காலையிலிருந்து திரை முழுவதும் பச்சை, ஒரு மஞ்சள் கூட இல்லை. சிவம் அண்ணைக்குத் தாங்கமுடியாத சந்தோசம். கொழும்புக்குப் போன் எடுத்து, எங்கள் கிளையில் இன்றைக்கு ஒரு பிழையும் இல்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது. கஜன் ஒரு நாள் முழுக்கப் பிழை விடாமல் இருப்பது நடக்கிற காரியமா? மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். தடங்களை வாங்கிச் சேர்த்துவைக்கும் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தேத்தண்ணிக் கேத்தலைச் செருகியிருந்தார்கள். குளிர் நாள்தானே. தடமே வரவில்லை, ஆகவே பிழையும் வரவில்லை, ஆகவே எல்லாம் பச்சை.

சிவம் அண்ணையால் அதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஒரு சத்தமும் இல்லையென்றால் எல்லாம் நல்லபடி நடக்கிறதென்றுதானே அர்த்தம் என்று என்னோடு வாதாடினார். சப்ரி வேலையை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல் சொன்னான்:

"சத்தமில்லாம இரிந்தாத்தான் அண்ணே பயப்பிடணும். எங்கட வீட்டுல அப்பிடியெண்டா ரெண்டு புள்ளைகளும் சேந்து பால்மா டின்னக் கவிழ்த்துட்டுதுகள் எண்டு அர்த்தம்."

இயந்திரம் ஏன் நிற்கிறது

சப்ரி சொன்னது சரியென்று பட்டது. வேலை நேரத்தில் ஒரு தடம் அசையாமல் கிடந்தால் அதைச் சிவப்பாகக் காட்டு என்று ஒரு விதி எழுதினேன். கொழும்புக்கு அந்த விதி மிகவும் பிடித்துக்கொண்டது. வந்தது வினை. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் கிளையின் கோடுகளில் ஒன்று சிவந்தது. அதற்கடுத்த வெள்ளியும் அதே நேரம் சிவந்தது. சப்ரி ஜும்மாவுக்குப் போகும் நேரம் அது. சின்னவன் ஒரு கட்டளையை ஓட்ட முன் "ஓட்டட்டுமா?" என்று அனுமதி கேட்பான். சப்ரி பதில் சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவான். தொழுகை முடிந்து வந்து, வாசித்துப் பார்த்துத்தான், ஆம் என்பதற்கு எங்கள் சொல்லான ஓம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வான். அதுவரை சின்னவன் கைகட்டி நிற்பான்.

விக்னேஷ் போன் எடுத்தார். இந்த வெள்ளிக்கிழமைச் சிவப்பு என்ன என்று கேட்டார். திரையில் பெயர் இல்லாததால் ஆளை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. சப்ரியைக் கேட்டேன், சொல்லுங்க அக்கா என்றான். தொழுகைக்குப் போகிறார் என்று விளக்கினேன். விக்னேஷ் நியாயமான ஆள்தான், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் சின்னவனுக்கு முன்கூட்டியே "எல்லாவற்றுக்கும் ஓம்" என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போகலாம், அழுத்தினால் ஒன்றும் கேளாமல் வேலையைத் தொடர்ந்து செய்யும். கஜன் அதை அழுத்திவிட்டுத்தான் சாப்பிடப் போவான், அவனுடைய கோடு சாப்பாட்டு நேரத்திலும் பச்சையாக ஓடும். யாருடையதென்று தெரியாமலே அந்தப் பச்சைக் கோட்டைச் சுட்டிக்காட்டிவிட்டு விக்னேஷ் சொன்னார்:

"ஜும்மாவுக்கு அவர் போகட்டும், நான் வேண்டாம் எண்டேல்ல. மெஷின் ஏன் கூடப் போகுது?"

ஒரு பொத்தான்

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. விக்னேஷ் நேரில் வரப்போகிறார், வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்று தகவல் வந்தது. சிவம் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட ஏலாதா என்று கேட்டார். ஏலும். ஒரு வரி வேலை. ஆனால் பார்க்கவென்று வைத்த கண்ணை நானே பொத்தினால் பிறகு நான் எதற்கு? மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். மனுசன் கோபிக்கவில்லை, பெருமூச்சு விட்டார்.

அதைவிடச் சுகமான வழி சப்ரியைக் கேட்பது என்று எனக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும், கிளைக்காக, அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் போனால் என்ன என்று கேட்டேன். உன் வேலையும் தப்பும், என் வேலையும் தப்பும் என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இருக்கும் பயம் எனக்கு இருப்பதைவிடப் பெரிது என்று தெரிந்துதான் கேட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"நீங்க சொன்னாச் செய்றன் அக்கா. ஆனா நான் பாக்காம அது செஞ்சதுக்கு, நான் செஞ்சன் எண்டு பேர் போடமாட்டன்."

கரையில் காத்திருந்த ஐஸ்

நான் அவனைச் செய்யச் சொல்லவில்லை. விக்னேஷ் வருவதற்கு இரண்டு நாள் முன்னதாக, சனிக்கிழமை காலையில், ஹாஜியார் மாடியேறி வந்தார். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை, பிளேன்ரீயும் வேண்டாமென்றார். வியாழன் அவர் கொழும்பில் நின்றிருக்கிறார். எங்கள் மென்பொருள் வெள்ளிக்கிழமைக்கும் மற்ற நாட்களைப்போலவே ஐஸ் உறையவை என்று சொல்லியிருக்கிறது. அவர் இல்லாதபோது திரை சொல்வதைச் செய்யுங்கள் என்று அவரே சொல்லி வைத்திருந்தபடியால், வேலையாட்கள் அப்படியே உறையவைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் ஊர்ப் படகுகள் ஜும்மாவுக்காகக் கடலுக்குப் போவதில்லை. இது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். இலங்கைத்துறைப் பக்கமிருந்து வரும் படகுகளுக்குக் கொஞ்சம் ஐஸ் போதும். குளிரறை நிரம்பி, மிச்சம் வாசலில் கிடந்து உருகியிருக்கிறது. கலியாண வீடொன்றுக்கும் பஸ் நிலையத்துச் சர்பத் கடைகளுக்கும் சும்மா கொடுத்து முடித்தாராம். கோபமாகக் கதைக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இப்படி இன்னொரு தரம் நடந்தால் பழையபடி ஒவ்வொரு படகுக்காரரையும் போனில் கேட்டே ஐஸ் போடுவேன் என்றார். அவர் போனால் கிளையை மூட விக்னேஷ் வரவே தேவையில்லை. படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்:

"கடல்ல எங்கட படகு ஒண்டும் இல்ல மகள். கரையில ஐஸ் மட்டும் மீனுக்குக் காத்துக்கிட்டு இரிந்திச்சி."

திறந்த பூட்டு

திங்கட்கிழமை விக்னேஷ் வந்தார். போனில் இருந்த அதே குரல், ஆள் நான் நினைத்ததைவிட இளமை. ஐஸ் கதையை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டோம். எங்கே பிழை நடந்தது என்று தடத்தில் தேடு என்றார். எல்லாச் சிவப்பையும் மஞ்சளையும் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அப்போது கஜன் எழும்பி, தன் பேச்சின் பூட்டைத் தானே திறந்துவிட்டான். கலியாணத் தகவல் திறந்த நாளுக்குப் பிறகு அவன் அதைச் செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிழை அங்கேதான் கிடந்தது, ஐஸ் உருகியதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அவன் சாப்பிடப் போன நேரத்தில், ஆகப் பச்சையான இடத்தில். பல படகுகளுக்கு வெள்ளிக்கிழமைகள் வெறுமையாக இருப்பதைச் சின்னவன் கண்டிருக்கிறான். தகவல் தவறிப்போய்விட்டது என்று நினைத்து, மற்ற நாட்களின் சராசரியைப் போட்டு எல்லா வெள்ளியையும் ஒழுங்காக நிரப்பிவிட்டான். வெள்ளிக்கிழமை படகு போகாதென்று கஜனுக்குத் தெரியாதா? தெரியும். தன்னை ஒன்றும் கேட்கவேண்டாம் என்று அவன்தானே பொத்தானை அழுத்தியிருந்தான்.

பிறகு சப்ரி தன்னுடைய பூட்டைத் திறந்தான். அதற்கும் முந்திய வெள்ளிக்கிழமை, அதே மென்பொருள், அதே வெறுமை. சின்னவன் சப்ரியிடமும் "நிரப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு ஜும்மா முடியும் வரை சிவப்பாக நின்றிருக்கிறான். திரும்பி வந்த சப்ரி ஒரே வரியில் பதில் தட்டியிருந்தான்: "வேண்டாம். வெள்ளிக்கிழமை எங்கட படகு போறல்ல, அது வெறுமையா இரிக்கிறதுதான் சரி." ஊர் முழுக்கத் தெரிந்த விசயத்தைக் கஜனுக்கு வேறு தனியாகச் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

விக்னேஷ் இரண்டு தடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையாக ஓடியது ஒன்று, சிவப்பாக நின்றது ஒன்று. நாங்கள் நாலு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழும்பி வெளி விறாந்தைக்குப் போய்க் கொழும்புக்குப் போன் எடுத்தார். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு "இல்லை, மூடத் தேவையில்லை, ஹாஜியாரிட்ட நானே போய்க் கதைக்கிறன்" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது. உள்ளே வந்து, சப்ரிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, அதே அளவான குரலில் சொன்னார்:

"உங்கட சின்னவனும் நானும் ஒரே பிழையைத்தான் விட்டிருக்கிறம் சப்ரி. வெள்ளிக்கிழமை வெறுமையாக் கிடந்ததைக் கண்டவுடன ரெண்டு பேரும் அதை நிரப்பத்தான் பாத்தம்."

இப்போது எங்கள் திரையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுமதிக்காகக் காத்து நிற்கும் கோட்டுக்குச் சிவப்பல்ல, வெளிர்நீலம். சப்ரி பள்ளிவாசலுக்குப் போகிறான், கஜன் பொத்தானைத் தொடாமல் சாப்பிடப் போகிறான், நான் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறேன், ஓம் என்ற ஒரு சொல்லுக்காகச் சின்னவன் மட்டும் பசியில்லாமல் காத்துக்கொண்டிருக்கிறான்.